பல் விளக்கும் பிள்ளைக்கு வந்த மாலை

ரிஷிவந்தியத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஆயம்மாள், வடக்கனந்தல் மேட்டுத் தெருவின் முனையிலேயே மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். இடது கையில் ரோஜா மாலை, வலது கையால் அடி. துணைக்கு வந்த இரண்டு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். என் தம்பி பெத்த தங்கமே, பாதியில போயிட்டியே என்று அவள் எடுத்த குரலில் தெருவே எழுந்து வெளியே வந்தது. யாருக்காக அந்த ஒப்பாரியோ, அந்த எழில்மதி தன் வீட்டு வாசலில், வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்று அத்தையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைப் பார்த்ததும் ஆயம்மாளின் குரல் அப்படியே நின்றது. அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடி இருந்தது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அத்தனை பெரிய மாலை எங்கே மறையும்?

உள்ளே புளிசோறு கிளறிக்கொண்டிருந்த செல்வி கரண்டியோடு ஓடிவந்தாள். ரேஷன் கார்டில் செந்தமிழ்ச்செல்வி, ஊருக்குச் செல்வி, ஆயம்மாளுக்குத் தம்பி பெண்டாட்டி. வாசலில் மாலையும் அழுத முகங்களும், நடுவில் நுரை வாயோடு மகளும் நின்ற கோலத்தைப் பார்த்ததும் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது. பிள்ளை ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் கிடந்தபோது ஒருநாள் எட்டிப் பார்க்காத நாத்தனார், மாலைக்கு மட்டும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாளே என்று இருந்தது.

"இன்னா அண்ணி இது?" என்றாள்.

ஆயம்மாள் திக்கித் திணறிச் சொன்னாள். அவர்கள் தெரு ஆள் ஒருவர் நேற்று சாயங்காலம் பஸ்ஸில் இந்தப் பக்கமாக வந்தாராம். வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்பில் உன் தம்பி மகள் படத்தை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு போட்டு, பெரிய பிளக்ஸாக வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னாராம். தம்பி பழனிக்குப் போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. அப்புறம் அவள் யாரைக் கேட்பாள்? நம் பக்கத்தில் குத்துவிளக்குக்கு நடுவில் ஒரு முகம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராத்திரி முழுக்க அழுதுவிட்டு, விடிந்ததும் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வராததையும் அப்போதே சொல்லிவிட்டாள். பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்க்க நெஞ்சில் தெம்பில்லையாம். சொல்லிவிட்டு எழில்மதியின் கன்னத்தைத் தடவித் தடவி மறுபடி அழுதாள். இந்தத் தடவை அழுதது வேறு அழுகை.

செல்விக்கு அவள்மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது. ஆனால் கோபம் போய்விடவில்லை, ஆள்தான் மாறியது. திரும்பி, மாடத்தில் சீப்பைத் தேடுவதுபோல் நின்ற புருஷனைப் பார்த்தாள். பழனி நேற்று கரும்பு வெட்டு முடிந்து அந்த பஸ் ஸ்டாப் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

"பாத்தியா நீ அத?"

"பாத்தேன். ஐயா வச்சது. இன்னான்னு சொல்றது?" என்றான் பழனி, சீப்பை எடுக்காமலே.

ஐயா என்றால் கண்ணாயிரம். பதினைந்து ஏக்கர் கரும்பு, ஒரு கல்யாண மண்டபம், அடுத்த பேரூராட்சித் தேர்தலில் நிற்கிற ஆசை, இவ்வளவும் உள்ளவர். இந்த வருஷம் பழனியின் கும்பல் வெட்டுவது அவர் தோட்டத்தில்தான். அவர் எப்படி இதற்குள் வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எழில்மதிக்கு ஏழரை வயசில் ரத்தப் புற்றுநோய் கண்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, ஊசி, டிரிப், மொட்டையான தலை, ஊதிப்போன முகம், எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது பத்து வயசு. முடி வளர்ந்து காதை மூடுகிறது. ராத்திரிக்கு ஒரு மாத்திரை, மாசம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். இந்த வகை, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குணமாகிவிடும், இவள் நன்றாகத் தேறி வருகிறாள் என்று டாக்டரம்மா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைத்தான் செல்வி இரண்டு வருஷமாகச் சோறு மாதிரி தின்று உயிரோடு இருந்தாள். வீட்டுக்குள் யாரும் 'பாவம்' என்று சொல்லக்கூடாது என்று சட்டமே போட்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரஸ்ட்டுக்காரப் பெண் வந்துபோவாள். சந்தியா என்று பெயர். பெரிய நோயோடு போராடுகிற பிள்ளைகளிடம் ஆசையைக் கேட்டு, குடும்பத்தோடு அழைத்துப்போய் ஒருநாள் சந்தோஷப்படுத்துவது அவர்கள் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. சாகப்போகிற பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அலுத்துப்போன பிள்ளைகளுக்கு என்று அவளே விளக்கியும் சொன்னாள். விமானத்தில் போகிறாயா, கடல் பார்க்கிறாயா என்று எழில்மதியைக் கேட்டாள். பிள்ளை ஒரே பேச்சாகக் கல்வராயன் மலை என்றுவிட்டது. வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற மலை! அவள் வகுப்பு மொத்தமும் வேன் வைத்துப் பெரியார் அருவிக்குப் போய்வந்த அன்று, இவள் கையில் டிரிப் ஊசியோடு படுத்திருந்தாள். திரும்பி வந்த பிள்ளைகள் ஒரு மாசம் அதே கதை பேசினார்கள். அதனால் அதேபோல வேன், ஜன்னலோர சீட், புளிசோறு, அருவியில் குளியல். அம்மா, அப்பா, தம்பி கவியரசன் எல்லாரும் வரவேண்டும். குண்டு குண்டாகத் தன் கையாலேயே படிவத்தில் எழுதிக் கொடுத்தாள்.

வேனுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ளூரில் யாராவது உதவினால் நன்றாயிருக்கும் என்று டிரஸ்ட்டில் தேடியபோது கண்ணாயிரம் முன்னால் வந்து நின்றார். வந்தவர் வேனோடு விட்டிருக்கலாம். விடுவாரா? பிளக்ஸ் இல்லாமல் நம்மூரில் ஒரு நன்மை நடந்துவிடுமா?

எட்டரைக்கு எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். வேன் அங்கேதான் நிற்கிறது, சந்தியாவும் அங்கேதான் வந்து இறங்குவாள். போகாமல் இருக்க வழியில்லை. துணைக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆயம்மாளும் பின்னாலேயே வந்தாள். மாலையைச் செத்த வீட்டுக்கென்று வாங்கிவிட்டாள், உயிரோடு ஆள் இருக்கிற வீட்டுக்குள் வைக்கவும் கூடாது, குப்பையில் போடவும் மனசில்லை. தோளில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தாள். எழில்மதி கண்ணில் அந்தப் படம் படாமல் நேராக வண்டியில் ஏற்றிவிடலாம் என்று செல்வி மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

பத்தடி உயரப் பிளக்ஸை எந்த இடுப்பு மறைக்கும்? ஒரு பக்கம் கண்ணாயிரம், வெள்ளைச் சட்டையில், கும்பிட்ட கையோடு, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு. மறு பக்கம் எழில்மதி. இப்போதைய எழில்மதி இல்லை, படிவத்தில் ஒட்டிய ஆஸ்பத்திரிக் காலத்துப் படம். மொட்டைத் தலை, உப்பிய கன்னம், தாடைக்குக் கீழே மாஸ்க். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, மேலேயிருந்து ரோஜா இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி பிளக்ஸ் கடைக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒற்றைப் பிள்ளை படம் வந்தால் போட அவரிடம் இரண்டே மாதிரிதான். பலூன் வைத்தது பிறந்தநாளுக்கு, விளக்கு வைத்தது அஞ்சலிக்கு. கண்ணாயிரம் எழுதிக் கொடுத்த வாசகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் விளக்கைத்தான் எடுப்பார்கள்.

எழில்மதி அம்மாவின் கையை விலக்கிக்கொண்டு நின்றாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. எழுத்துக்கூட்டாமல், பள்ளிக்கூடத்தில் செய்தி வாசிக்கிற அதே குரலில் உரக்கப் படித்தாள்.

"கொடிய நோயால் வாடும் சிறுமி எழில்மதியின் கடைசி ஆசையை நிறைவேற்றும் விழா."

படித்துவிட்டு அத்தையின் தோளில் கிடந்த மாலையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பழனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக்கில் அறிவிப்பு ஆரம்பமாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது போட்டிருந்தது, முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாயிரம் பொன்னாடையைப் பிரித்தபடி, வாம்மா கண்ணு என்று கை நீட்டினார். சென்னையிலிருந்து விடிய விடியப் பயணம் செய்து அப்போதுதான் இறங்கிய சந்தியா, பிளக்ஸைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே நழுவவிட்டு நின்றாள். எழில்மதி ஓரடி பின்னால் போனாள்.

"எம்மா, நான் மலைக்கு வரல."

"ஏண்டி தங்கம்?"

"போய்ட்டு வந்தா ஆச முடிஞ்சிடும் இல்ல? கடைசி ஆச முடிஞ்சா செத்துடுவாங்க. நான் போவாம இருந்துக்கறேன்."

இரண்டு வருஷம், எத்தனை ஊசி, எத்தனை ராத்திரி, எதற்கும் அந்தப் பிள்ளையிடம் சாவு என்ற சொல்லை நெருங்கவிடாமல் காத்தவள் செல்வி. ஒரு வேன் வாடகை கொடுத்த மனுஷன், ஒரு சாயங்காலத்தில், விளக்கு வைத்து, பத்தடி உயரத்தில் எழுதி நட்டுவிட்டானே! இனி இந்தப் பிள்ளை எதையாவது ஆசைப்படுமா? ஐஸ்கிரீம் வேணும் என்றுகூட வாயைத் திறக்குமா? செல்விக்கு அழுகை வரவில்லை, வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

நேராகக் கண்ணாயிரத்திடம் போனாள். அந்த பிளக்ஸை இறக்கச் சொன்னாள். அவர் சிரித்த முகம் மாறாமல், விழா முடியட்டும், இறக்கிவிடலாம் என்றார். பாவம், பிள்ளை பயப்படுகிறது, தூக்கி வண்டியில் உட்கார வை, ரெண்டு போட்டோ எடுத்தால் போதும் என்றார். செல்வி நகரவில்லை.

"டாக்டரம்மா சொல்லாத கடைசிய நீங்க எப்டிங்க ஐயா சொல்லலாம்?"

"ஒரு உருக்கமா இருக்கட்டுமேன்னு போட்டதும்மா. அப்பதான் நாலு பேரு மனசு எளகும். இன்னா இப்ப, வெறும் எழுத்துதானே?"

வெறும் எழுத்து! செல்வி அவரை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆயம்மாளிடம் வந்தாள். அவள் தோளிலிருந்து மாலையை எடுத்தாள். முன்வரிசையில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். பிளக்ஸ் கட்டிய சவுக்குக் கம்பில் மாலையின் ஒரு பக்கத்தை மாட்டி, மறுபக்கத்தைச் சட்டத்து ஆணியில் மாட்டி, கண்ணாயிரத்தின் முகம் சரியாக நடுவில் வருகிற மாதிரி இழுத்து விட்டாள். ஒரு பக்கம் குத்துவிளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து ரோஜா இதழும் கொட்டிக்கொண்டிருந்தது. மாலை ஒன்றுதான் குறையாக இருந்தது, அதுவும் வந்துவிட்டது.

எதிர் டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். யாரோ ஒரு கிழவி பழக்கதோஷத்தில் கையைக் கன்னத்தில் வைத்து உச்சுக் கொட்டினாள்.

கண்ணாயிரத்தின் முகம் செத்துப்போனது. "ஏய், எடு அத. மொதல்ல எடு" என்றார். குரல் கிறீச்சிட்டது.

"வெறும் பூவுதானங்க ஐயா" என்றாள் செல்வி.

அவர் தன் ஆட்களைப் பார்த்தார். சாவு மாலை என்று தெரிந்தபின் எவன் தொடுவான்? ஒருவன் செருப்பை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டான், இன்னொருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான். தானே எடுக்கலாம் என்று இரண்டடி வைத்தவர், தன் படத்துக்கு விழுந்த மாலையைத் தானே தொடுவதா என்று நின்றுவிட்டார். கடைசியில், பிளக்ஸையே மாலையோடு சேர்த்துக் கழற்றிச் சுருட்டுங்கடா என்று கத்தினார். அது மட்டும் உடனே நடந்தது. செல்வி இறங்கி வந்தாள். ஒரு பிள்ளை படத்துக்கு ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தபோது துடிக்காத மனுஷன், தன் படத்துக்கு அரை நிமிஷம் மாலை கிடந்ததற்கு இப்படித் துடித்தான் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தியா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரியாது, டிரஸ்ட்டில் யாரும் இப்படி எழுதச் சொல்லவில்லை, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. செல்வி அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒரு புள்ளைக்கி ஒரு ஆசதானம்மா உங்க கணக்கு? எம் பொண்ணு இன்னும் ஆசையே கேக்கல. அந்தத் தாள குடுத்துடு."

சந்தியா புரிந்துகொண்டாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து எழில்மதியின் கையில் கொடுத்தாள். பிள்ளை தன் குண்டு எழுத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, நாலாகக் கிழித்து அம்மாவிடம் தந்தாள். எப்போது கேட்கத் தோன்றுகிறதோ அப்போது கேள், நான் இருப்பேன் என்று சந்தியா அவளிடம் சொல்லி அனுப்பினாள்.

வேன் ஆளில்லாமல் நின்றது. ஒன்பதே முக்காலுக்கு வெள்ளிமலை பஸ் வந்ததும் செல்வி புளிசோற்றுத் தூக்கோடு ஏறினாள். இது ஆசையில்லை, ஒன்றுமில்லை, எல்லாரும் போகிற மாதிரி நாமும் சும்மா போகிறோம் என்று மகளிடம் சொல்லித்தான் ஏற்றினாள். எழில்மதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆயம்மாளும் ஏறி, கவியரசனை மடியில் வைத்துக்கொண்டாள்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது பழனிக்குப் போன் வந்தது. நாளையிலிருந்து வெட்டுக்கு வரவேண்டாமாம். பழனி சரி என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். செல்வி அவனைப் பார்த்தாள். நேற்று அந்தப் படத்தைப் பார்த்தபோதே பிடுங்கியிருக்கணும், தப்பு என்னுதுதான் என்று மெதுவாகச் சொன்னான். ரிஷிவந்தியம் பக்கம் வெட்டு நடக்கிறது, என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று ஆயம்மாள் சொன்னாள்.

பெரியார் அருவியில் தை மாசத்துத் தண்ணீர் கம்மிதான், ஆனாலும் பாறையை முழுக்க நனைத்துக்கொண்டு விழுந்தது. செல்வி டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். குளிக்கலாம், வாயில் தண்ணீர் போகக்கூடாது. கவியரசன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பாவோடு இறங்கிவிட்டான். எழில்மதி பாறை ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் தண்ணீரில் வைத்தாள்.

"வாடி, தலைய நனைக்கலாம்."

"கால் மட்டும் போதும்மா. முட்டி வரைக்கும் அடுத்த வருசம். தல அதுக்கடுத்த வருசம்."

செல்வி அப்படியே நின்றாள். தாளைக் கிழித்தால் போதும் என்று நினைத்தாளே, எவ்வளவு முட்டாள்தனம்! பிளக்ஸைச் சுருட்டிவிட்டார்கள், எழுத்து பிள்ளைக்குள்ளே அப்படியே நின்றுகொண்டிருந்தது. பத்து வயசில், சாகாமல் இருப்பதற்காகத் தன் ஆசையைச் சிக்கனம் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் படுபாவி இங்கே எதிரில் இருந்தால் இந்தத் தண்ணீரில் முக்கி எடுத்திருப்பாள். அவன் இல்லை. இருப்பது பிள்ளைதான், தண்ணீர்தான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செல்வி நடந்தாள். இந்த மலையடியில் வாழ்க்கைப்பட்டுப் பன்னிரண்டு வருஷம், அவள் ஒருநாளும் இந்த அருவியைக் கண்டதில்லை. நடு அருவியில் போய் நின்றாள். உச்சந்தலையில் தண்ணீர் அறைந்தது. குளிரில் மூச்சு நின்று, தன்னையறியாமல் கத்திவிட்டாள். பழனி பயந்துபோய்த் திரும்பினான், அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் பார்த்தார்கள். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் முடி ஒட்டி, சொட்டச் சொட்ட மகளிடம் வந்து நின்றாள்.

"எனக்கும் இது ரொம்ப நாள் ஆசதாண்டி. இதோ, குளிச்சிட்டேன். செத்தா பூட்டேன்?"

எழில்மதி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டி ஈரக் கன்னத்தைத் தொட்டாள். மூக்கைத் தொட்டாள். அம்மாவுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாய மூடிக்கினு நிக்கணுமா?"

"வாய மூடிக்கினு, என் கையப் புடிச்சிக்கினு."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டு, கண்ணையும் இறுக்கிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் நின்றது. கரையில் ஆயம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காதை மூடிய புது முடி தலையோடு ஒட்டிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடிவந்து, நெஞ்சு ஏறி இறங்க நின்று, தன் கையையும் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எம்மா, இன்னொரு தபா."

மேலே ரோட்டில் திரும்புகிற பஸ் ஹாரன் அடித்தது. இதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான் என்று பழனி குரல் கொடுத்தான். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு, செல்வி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போனாள்.